ஒரு ஆள் குறையுது

என் அன்பான நர்சம்மாவுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். நீயும், உன் வார்டில் படுத்திருக்கும் அத்தனை பேரும் சுகமாக இருக்க வேண்டும். போனில் நீ "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்பதைத் தாண்டி எனக்கு வாய் வருவதில்லை. பேனாவை எடுத்தால்தான் நாலு வார்த்தை வருகிறது. அதனால் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. டாக்டர்கள் கிறுக்குவதையே படித்துப் பழகியவள்தானே நீ.

மாமாவுக்குக் காது மெஷின் வந்துவிட்டது. வந்து என்ன பிரயோஜனம், சட்டைப் பையில்தான் இருக்கிறது. பேட்டரி வீணாகிறதாம். "கேக்க வேண்டிய விஷயம் வந்தா மாட்டிக்கிறேன் மாப்ள" என்கிறார். கேட்க வேண்டிய விஷயம் வந்துவிட்டது என்று அவருக்கு யார் சொல்வார்கள் என்று கேட்டேன். அது அவர் காதில் விழவில்லை.

வேலை எப்போதும் போலத்தான். புதிதாக ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டுகளைப் பராமரிக்கும் வேலையும் எங்கள் கம்பெனிக்கு வந்திருக்கிறது. மின்சாரம் ஏறி இறங்கினால் நடுவழியில் நின்றுவிடுகிற பழைய பெட்டிகள். வாரம் ஒருமுறையாவது கூப்பிடுகிறார்கள்.

சபைக்கு இடம் கிடைத்துவிட்டது. சாலையை அகலப்படுத்தப் பழைய கட்டடத்தை இடித்த பிறகு நம் ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறிக் கிடந்தார்கள் அல்லவா? இப்போது டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் ஒரு பெரிய அறை. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. இதற்கும் என்னைத்தான் எல்லோரும் கேலி செய்கிறார்கள். மாமா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்குவதால், அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நானும் ஏற வேண்டியிருக்கிறது. வாசலோடு திரும்பிவிடுவேன் என்றுதான் முதல் நாள் போனேன். ஏறி முடித்ததும் எனக்கே மூச்சு வாங்கியது. கதவோரம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். நம் பாப்பா போன பிறகு நான் சபைப் பக்கம் போனது அதுதான் முதல் தடவை.

நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். போதகர் புதன்கிழமை சாயங்காலங்களில் எல்லோரையும் உட்கார வைத்து வேதத்தில் வருகிற அந்த உடன்படிக்கையைப் பற்றிப் பேசுகிறார். கடவுள் 'நான் உங்கள் கடவுள்' என்று தாம் தெரிந்தெடுத்த ஜனங்களுக்கு வாக்குக் கொடுத்ததும், அவர்கள் 'நாங்கள் உம்முடைய ஜனம்' என்று சொல்லிவிட்டுத் திரும்பத் திரும்ப அதை மீறியதும் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சிறைப்பட்டுப் போய்த் திரும்பி வந்தவர்கள், இடிந்த மதிலைக் கட்டிய பிறகு ஒன்றாகக் கூடி நின்று, உடன்படிக்கையைப் புதிதாக எழுதி முத்திரை போட்டார்களாம். நாமும் சிதறிச் சேர்ந்தவர்கள்தானே, நாமும் அப்படிச் செய்தால் என்ன என்பது போதகரின் எண்ணம். 'எங்களில் ஒருவர் நோயில் படுத்தால் நாங்கள் போய் நிற்போம். ஒருவர்மேல் கோபம் வந்தால் அவரிடமே பேசுவோம், ஊரிடம் பேச மாட்டோம். எது வந்தாலும் கர்த்தரையும் ஒருவரையொருவரும் விட்டுப் போக மாட்டோம்.' இப்படி எளிமையாக எழுதியிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.

போன புதன்கிழமை நம் சபையில் இருக்கும் எலக்ட்ரீஷியன் எழுந்து, ஒப்பந்தத்துக்கும் உடன்படிக்கைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். போதகர் சட்டென்று என் பக்கம் திரும்பி, "லிஃப்ட்டுக்கு வருஷா வருஷம் ஒப்பந்தம் போடுறீங்களே, அவங்க பணம் கட்டலைன்னா என்ன செய்வீங்க?" என்றார். போக மாட்டோம் என்றேன். "உடன்படிக்கையில இவங்க சொன்னபடி நடக்கலன்னாலும் அவர் வராம இருந்ததே இல்ல" என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "அப்படின்னா எங்க வீட்டுக்கு ஏன் வரல? பாப்பா உயிருக்குப் போராடின அந்த வாரம் பூரா நான் கூப்பிட்டேனே" என்று கேட்டுவிட்டேன். தையலக்கா குனிந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரோடுதான் எனக்குப் பேச்சில்லையே. அடக்கத்தன்று "குடுத்தவரே எடுத்துக்கிட்டார் தம்பி, மனசைத் தேத்திக்குங்க" என்று அவர் சொல்லப் போக, நான் எல்லோர் முன்னாலும் கத்தியது உனக்கு ஞாபகம் இருக்கும்.

போதகர் "எனக்குத் தெரியலண்ணா" என்றார். அவர் ஏதாவது விளக்கம் கொடுத்திருந்தால் எழுந்து போயிருப்பேன். பிறகு என்னோடு கீழே தெருவரை இறங்கி வந்தார். அந்த ஜனங்கள் முத்திரை போடுவதற்கு முன்னால் ஒரு நீண்ட ஜெபம் செய்தார்களாம். அதன் முடிவில் எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர்கள் சொல்லவில்லையாம். 'ரொம்பக் கஷ்டத்துல இருக்கோம்' என்றுதான் முடிகிறதாம். "அதுக்கு அடுத்த வரியிலதான் உடன்படிக்கை வருது. கஷ்டம் தீந்த பிறகு போட்டது இல்லண்ணா அது" என்றார். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

உனக்கும் சேர்த்து என்னையே கையெழுத்துப் போடச் சொல்கிறாய். மாட்டேன். நீ நம்புகிறவள், உன் கையெழுத்து உன்னுடையது. எனக்காகவே போடுவேனா என்று தெரியவில்லை. மாமாவின் முழங்கைக்காகப் போகிறேன், இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. தூக்கத்தைக் குறைக்காதே. கடவுள் உன்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கும் அவருக்கும் ஆயிரம் இருக்கலாம், உன் விஷயத்தில் அவர் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும்.

உன்,
லிஃப்ட்காரன்

*

என் அன்பான நர்சம்மாவுக்கு,

உன் அப்பா பாடிப் பாடித் தொண்டை கட்டி, மிளகுத் தண்ணீர் குடித்துக்கொண்டு நலமாக இருக்கிறார். ஏன் அவ்வளவு பாடினார் என்பதைத்தான் எழுதப் போகிறேன். உட்கார்ந்து படி.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவை ஏற்றிவிட்டு நான் என் கதவோர நாற்காலியில் இருந்தேன். முன்னால் ஒரு மேசை, அதன்மேல் பெரிய வெள்ளைத்தாள். போதகர் வேதத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. இந்த வாரம் அவசர அழைப்புக்கு நான்தான் ஆள். எங்களுக்குப் புதிதாக வந்த அந்தக் குடியிருப்பில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டதாம், உள்ளே ஆள் இருக்கிறதாம்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியதில்லை. பக்கத்திலிருந்தவரிடம் காதோடு சொல்லிவிட்டு, டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

லிஃப்டுக்குள் ஒரு அம்மாவும் அவர் மகளும் இருந்தார்கள். அந்த அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது, பேச முடியவில்லை. குழந்தைதான் கதவு வழியாக என்னோடு பேசியது. நாலு வயது இருக்கும். குரலை வைத்தே எனக்கு வயது தெரிகிறது, உனக்கும் தெரியும். "அங்கிள், லைட்டு போயிடுச்சு. எங்கம்மா அழறாங்க" என்றது. பயப்படாதே, வெளியே எடுத்துவிடுவேன் என்றேன்.

பெட்டியைக் கையால் நகர்த்த வேண்டுமென்றால் மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் அறைக்குப் போக வேண்டும். நான் எழுந்த சத்தம் அதற்குக் கேட்டுவிட்டது போலிருக்கிறது. "போயிடாதீங்க அங்கிள்" என்று கத்தியது.

திரும்ப மண்டியிட்டு, கதவில் வாயை வைத்துச் சொன்னேன். "நான் மேல போகணும்டா. மேல போனாத்தான் உன்னை எடுக்க முடியும். நான் பேசுறது கேக்காது. ஆனா மேல டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டே இருப்பேன். தட்டுற சத்தம் கேட்டா நான் இருக்கேன்னு அர்த்தம். சரியா?" குழந்தை "சத்தமா தட்டுங்க" என்றது.

மெஷின் அறைச் சாவியை வைத்திருந்தவர் வெளியே போயிருந்தார். வாட்ச்மேன் சுத்தியலோடு வந்தார், பூட்டை உடைத்தோம். மெயின் சுவிட்சை அணைத்தேன். பிரேக் இறுகிப் போயிருந்தது. அதை விடுவிக்க நான் பட்டபாட்டை எழுதினால் உனக்குத் தூக்கம் வந்துவிடும். வாட்ச்மேன் கீழே ஓடி, கதவருகே நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று போனில் சொல்லச் சொல்ல, சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றிப் பெட்டியை இறக்கினேன். நடுநடுவே நிறுத்தி, ஸ்பேனரால் இரும்பில் தட்டினேன். சக்கரம் சுற்றும்போது தட்ட முடியாது. அந்த நேரங்களில் அந்தப் பிள்ளை என்ன நினைத்திருக்கும்? நான் போய்விட்டேன் என்றுதானே நினைத்திருக்கும்? அப்போதுதான் நான் அதற்காக அதிகமாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன்.

இதைப் பிரசங்கமாக்க எனக்குத் தெரியாது. எனக்குள் அப்படி ஓடியது, உன்னிடம் சொல்கிறேன். என் பாப்பாவைக் கடவுள் எடுத்துக்கொண்டதற்கு இது பதில் ஆகாது. ஆனாலும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அடக்கத்தன்று வராத அழுகை.

கதவைத் திறந்தபோது அந்த அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். பிள்ளை எழுந்து வந்து என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்கதான் தட்டினீங்களா?" என்று விசாரித்துவிட்டு, பிறகுதான் வெளியே கால் வைத்தது. வாட்ச்மேன் தண்ணீர் கொண்டுவந்தார். அவர்கள் வீட்டு ஆள் வந்து சேரும்வரை இருந்துவிட்டுக் கிளம்பினேன்.

வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்துவிட்டது. கூட்டம் எப்போதோ முடிந்திருக்கும், பாவம் மாமா தனியாக உட்கார்ந்திருப்பார் என்று வண்டியை விரட்டிக்கொண்டு வந்தேன். படியில் பாதி ஏறும்போதே பாட்டுச் சத்தம் கேட்டது. தாளத்துக்கும் ராகத்துக்கும் சம்பந்தமில்லாமல் ஒரு குரல். உன் அப்பாதான்.

உள்ளே எல்லோரும் இருந்தார்கள். ஒருத்தர்கூடப் போகவில்லை. குழந்தைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். யாரோ கீழே போய் பிஸ்கட்டும் டீயும் வாங்கி வந்திருக்கிறார்கள், காலிக் கோப்பைகள் ஜன்னல் திட்டில் வரிசையாக இருந்தன. மேசைமேல் அந்த வெள்ளைத்தாள் வெறுமையாகவே இருந்தது. சபைச் செயலாளரை நாம் கடிகாரம் என்போமே, ஒரு நிமிஷம் தாமதமானாலும் மணிக்கட்டைத் தட்டிக் காட்டுவாரே, அவர் வாட்சைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

நடந்ததை மாமா வீட்டுக்கு வந்து நடித்தே காட்டினார். அன்றைக்குக் காது மெஷினை மாட்டியிருந்தாராம். கையெழுத்துப் போடலாம் என்று போதகர் கூப்பிட்டதும், தையலக்கா எழுந்து நின்று, "ஒரு ஆள் குறையுது" என்றாராம். அவர் வேலையாகப் போயிருக்கிறார், அப்புறம் போடட்டும், அவர் போடுவாரா என்பதே சந்தேகம் என்றிருக்கிறார் கடிகாரம். அதற்குத் தையலக்கா, "போடாட்டி போகட்டும். வேணாம்னு சொல்றதுக்கும் அவர் இங்க இருக்கணும்ல? எல்லாரும் சேந்து 'நாங்க'ன்னு எழுதியிருக்கோம். ஒருத்தர் வெளிய இருக்கும்போது போட்டா அது என்ன 'நாங்க'?" என்று கேட்டாராம். எலக்ட்ரீஷியன் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு, "அப்ப உக்காருவோம்" என்றாராம். நேரம் போக்க ஆளுக்கொரு பாட்டுப் பாடியிருக்கிறார்கள். மாமாவுக்கு யாரும் முறை வைக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார்.

நான் கிரீஸ் கையோடு வாசலில் நின்றேன். போதகர் அந்த நீண்ட ஜெபத்தின் முடிவை மட்டும் இன்னொரு தடவை வாசித்தார். நான் முன்னால் போய், "எனக்குக் கர்த்தர்மேல இன்னும் கோபம் தீரல. தீந்துடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். கோபத்தோட போட்டா செல்லுமா?" என்று கேட்டேன். போதகர் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா அறை அதிர, "செல்லும் மாப்ள!" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும்.

முதலில் நான்தான் போட வேண்டும் என்றார்கள். போட்டேன். என் பெயர் பக்கத்தில் கறுப்பாக ஒரு விரல் ரேகை பதிந்துவிட்டது. வேறு தாள் எடுக்கட்டுமா என்றேன், கடிகாரம் வேண்டாம் என்று தலையாட்டினார். என் பெயருக்குக் கீழே உன் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

திரும்பும்போது தையலக்கா என் வழியில் நின்றார். "அன்னைக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல தம்பி. வாயில வந்ததைச் சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அந்த வார்த்தையை நான் யாருக்கும் சொன்னதில்ல" என்றார். வண்டியில் கொண்டுபோய் விடட்டுமா அக்கா என்று கேட்டேன். "உங்க மாமனார் எப்படிப் போவார்?" என்றார். உன் அப்பாவை எலக்ட்ரீஷியனின் வண்டியில் ஏற்றிவிட்டு, அக்காவை நான் கூட்டிப்போனேன். வழியெல்லாம் நாங்கள் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அது முன்பிருந்த பேசாமை இல்லை.

கை வலிக்கிறது. இவ்வளவு நான் பள்ளிக்கூடத்தில்கூட எழுதியதில்லை. உனக்கு நல்ல உறக்கம் கிடைக்கட்டும், உன் கையால் மருந்து வாங்குகிறவர்கள் எழுந்து நடக்கட்டும்.

உன்,
லிஃப்ட்காரன்

*

என் அன்பான நர்சம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. பல இடத்தில் மை கலைந்திருந்தது. ஏன் என்று கேட்க மாட்டேன்.

பயப்படாமல் படி. மாமா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு எதுவும் முறியவில்லை, இடுப்பில் அடி, எழுந்து நடக்க இன்னும் சில வாரம் ஆகும் என்றார் டாக்டர். உன்னிடம் உடனே சொல்லாததற்குக் காரணம், நீ அங்கே தவிப்பாய் என்பது ஒன்று. இங்கே எனக்குப் பேசவே நேரம் இல்லாமல் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள் என்பது இன்னொன்று. எழுதி வைத்ததை இவ்வளவு சீக்கிரம் செய்து காட்ட வேண்டி வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். எலக்ட்ரீஷியன் குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்துக் கொடுத்தார். தையலக்கா பகலில் தன் மெஷினையே நம் கூடத்தில் கொண்டுவந்து போட்டுக்கொண்டு தைக்கிறார். கடிகாரம் மருந்து வேளைகளை எடுத்துக்கொண்டார், கேட்க வேண்டுமா, ஒரு வேளை பிசகுவதில்லை. மாமா அவரைக் கண்டாலே கண்ணை மூடித் தூங்குவதுபோல் நடிக்கிறார்.

எல்லாம் தேனும் பாலுமாக இருக்கிறது என்று நினைக்காதே. தையலக்காவுக்கும் கடிகாரத்துக்கும் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று ஒரே சண்டை. ஆனால் இரண்டு பேரும் மறுநாளும் வருகிறார்கள்.

என் கோபம் எங்கே போனது என்று கேட்டிருக்கிறாய். போகவில்லை. முன்பெல்லாம் கடவுளோடு பேசாமல் கோபமாக இருந்தேன், இப்போது பேசிக்கொண்டே கோபமாக இருக்கிறேன். காலையில் வண்டியைத் துடைக்கும்போது வாய்விட்டே கேட்கிறேன். பதில் வந்தால் உனக்கு எழுதுகிறேன்.

இன்னொன்று கேட்டிருக்கிறாய். ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கச் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று. 'உன் இஷ்டம்' என்று எழுதித்தான் தொடங்கினேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பாப்பா போன பிறகு நாம் இருவரும் ஒருவருக்கொருவர் இந்த இரண்டு வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சாப்பிடவா, உன் இஷ்டம். கதவைப் பூட்டவா, உங்க இஷ்டம். வெளிநாடு போகவா, உன் இஷ்டம். பாப்பா பெயரைச் சொல்லிவிடக் கூடாது என்று வீட்டுக்குள் சுவரோரமாகவே நடந்தோம்.

என் இஷ்டத்தை எழுதுகிறேன். எனக்கு உன்னோடு இருக்க வேண்டும். ஒரு நாள் அவளை வேலைக்குக் கூட்டிப்போனேனே, லிஃப்டில் இருந்த எல்லா பட்டனையும் அமுக்கிவிட்டு, ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கத் திறக்க வெளியே நின்றவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்தாளே, அதை எனக்குச் சொல்லிச் சிரிக்க உன்னைத் தவிர வேறு ஆள் கிடையாது. உனக்கும் கிடையாது. கல்யாணத்தன்று பலிபீடத்தின் முன்னால் நாம் சொன்ன வார்த்தையில் சுகத்திலும் துக்கத்திலும் என்று இரண்டும் இருந்தன. துக்கம் வந்ததும் நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். நீ தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனாய் என்று இப்போது புரிகிறது.

வேலையை விட முடியாது, அங்கே உன்னை நம்பி இருக்கிறார்கள் என்றால் சொல். மாமா எழுந்து நடக்கத் தொடங்கியதும் அவரையும் கூட்டிக்கொண்டு நான் அங்கே வருகிறேன். உன் ஊரிலும் உயர்ந்த கட்டடங்கள் இருக்கும், அங்கேயும் லிஃப்ட் நிற்கத்தான் செய்யும். அங்கே இருக்கிற சபையில் பாட மாமாவை அனுமதிப்பார்களா என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்து வை. இங்கேயோ அங்கேயோ, ஒரே கூரைக்குக் கீழே. இதில் மட்டும் உன் இஷ்டம் என்று சொல்ல மாட்டேன்.

நீ ஆஸ்பத்திரி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு வரி எழுது. எழுத வராவிட்டால் போன் செய். எனக்கும் இப்போது கொஞ்சம் பேச வருகிறது. நீ பேசாமல் அழுதாலும் நான் போனை வைக்க மாட்டேன்.

நம்மை விடாதவர் உன் பக்கத்தில் இருக்கட்டும். உன்னைப் பத்திரமாக என்னிடமோ, என்னைப் பத்திரமாக உன்னிடமோ, எது முதலில் முடியுமோ, கொண்டு வந்து சேர்க்கட்டும்.

காத்திருக்கும்,
உன் கணவன்